பதினோரு பேருக்கு ஒரு வெந்நீர்த் தொட்டி

வாடகைக்கு எடுத்தது நான்தான்.
ஆறு நாள், பதினோரு பேர், நான்கு படுக்கையறை,
ஒரு வெந்நீர்த் தொட்டி.
வேல்ஸ் மலைமடிப்பில் ஒரு பழைய ஆட்டுக்கொட்டகை,
விடுமுறைக்காரர்களுக்காக வீடாகி
நாற்பது வருடம் இருக்கும்.
படத்தில் வெயில் இருந்தது.

போய் இறங்கும்போது இருட்டு, மழை,
பின்னிருக்கையில் வாந்தியெடுத்த மாக்சென்.
சாவி எங்கே என்று சொல்லும் மின்னஞ்சல்
சிக்னல் இல்லாத மலைக்கு அப்பால் எங்கோ.
எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.
அப்பா குடையில்லாமல் இறங்கிப் போனார்,
மழைநீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் குனிந்தார்,
ஒரு தட்டைக்கல்லைப் புரட்டிச்
சாவியோடு வந்தார்.
"இந்த மாதிரி வீடுகளில் அங்கேதான் வைப்பார்கள்."
நம்பினேன்.
நனைந்துகொண்டிருக்கும்போது எதையும் நம்பலாம்.

பிறகு படுக்கைப் பங்கீடு.
சொத்துப் பிரிப்பதே இதைவிடச் சுலபம்.
க்ளைவுக்கு முதுகுவலி, அதனால் நல்ல மெத்தை க்ளைவுக்கு.
லவ்ரி குறட்டை விடுவதில்லை என்று
லவ்ரி மட்டும் சொல்கிறாள்.
தம்பியின் முன்னாள் மனைவி பெத்தான் வந்திருக்கிறாள்,
பிள்ளைகளுக்காக.
தம்பியும் வந்திருக்கிறான், அதே பிள்ளைகளுக்காக.
இருவருக்கும் நடுவில் ஒரு சுவர் வேண்டும்,
கல்சுவராக இருந்தால் நல்லது.
கடைசியில் எனக்கு மிஞ்சியது சோபா.
பணம் கட்டியவளுக்கு எப்போதும் சோபாதான்.

மூன்றாம் நாளும் மழை.
ஆயிரம் துண்டு ஜிக்சா, அதில் வானம் மட்டும் முந்நூறு.
ஆடுகள் ஜன்னலோரம் வந்து
எங்களை வேடிக்கை பார்த்தன.
பிள்ளைகள் குளித்து, பெத்தான் குளித்து,
சோப்புப் போட்ட க்ளைவ் மாடியில் அலறினான்.
அப்பா நாற்காலியை விட்டு எழுந்து
படிக்கட்டுக்கு அடியில் இருந்த கதவைத் திறந்து
தொங்கும் கோட்டுகளை ஒதுக்கிச்
சிவப்புக் கைப்பிடியைப் பாதி திருப்பி
விலாவில் ஒரு குத்து விட்டார்.
தொட்டி உறுமியது.
க்ளைவ் அடங்கினான்.

அந்தக் குத்து
யோசித்துப் போட்டதல்ல.
கைக்குத் தெரிந்திருந்தது.

அன்றிரவு சோபா என்னைத் தூங்க விடவில்லை.
பரமபதப் பெட்டிக்கும் சீட்டுக்கட்டுக்கும் அடியில்
விருந்தினர் குறிப்பேடுகள், வருடவாரியாக.
ஆந்தை கேட்டோம். முட்டைக்கு நன்றி. அடுப்பு மந்தம்.
எண்பத்தாறு அக்டோபரில்
பேனாவை அழுத்தி எழுதும் அப்பாவின் சாய்ந்த எழுத்து:
நான்கு நாளும் மழை. தொட்டிக்கு ஒரு குத்து வேண்டும்.
நாங்கள் வெளியே போகவே இல்லை.
கீழே பெயர் கிடையாது.
வெறும் 'நாங்கள்'.

அந்த அக்டோபரில் எனக்கு ஏழு வயது.
லீட்ஸில் வேலை என்று போன அப்பா
பச்சைப் பென்சில் பெட்டி வாங்கிவந்தார்.
மூடியில் ஓர் ஆட்டுக்குட்டி இருந்தது.

படியில் சத்தம்.
அம்மா, தண்ணீர் குடிக்க.
மடியில் இருந்த நோட்டை மூடினேன், தாமதமாக.
அம்மா மேசையருகே உட்கார்ந்து
வானத்தில் ஒரு துண்டை எடுத்து
அங்குமிங்கும் வைத்துப் பார்த்தாள்.
"நீ அனுப்பிய படத்தில் அந்தப் பீப்பாய் தெரிந்தது டெலித்.
ரொம்ப நாளைக்கு முன்னால்
ஒரு போட்டோவில் பார்த்த பீப்பாய்.
வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன்.
அப்புறம், நாமும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று."
துண்டு பொருந்தவில்லை. கீழே வைத்தாள்.
"சின்ன வீடுதான், இல்லையா?"

அந்தப் போட்டோவில் பீப்பாய்க்குப் பக்கத்தில்
யார் நின்றார்கள் என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும் நாளில் வெயில், எங்களுக்கு உறைக்கும்படி.
படுக்கை விரிப்புகளை உருவி, குப்பையைப் பிரித்து,
பெத்தானும் தம்பியும் பேச்சில்லாமல்
ஒரே போர்வையின் இரு முனைகளை மடித்தார்கள்.
பிள்ளைகள் குறிப்பேட்டில் ஆடு வரைந்தார்கள்.
அம்மா பேனாவை வாங்கி நின்றபடியே எழுதினாள்:
மழை. பதினோரு பேர். தொட்டிக்கு இன்னும் குத்து வேண்டும்.
எங்கள் பெயர்கள் எல்லாவற்றையும்
ஒன்றுவிடாமல் கீழே எழுதினாள்,
ஒன்றைத் தவிர.

பேனாவை அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார்.
கோட்டில் தேடினார். மேசைக்கடியில் தேடினார்.
வெளியே கார்கள் உறுமின.
அம்மா பேனாவை நீட்டியபடியே நின்றாள்,
கண்ணாடி அவர் நெற்றியில் இருப்பதைச் சொல்லாமல்.