பதினேழாம் நம்பர் ஸ்பானர்

பெஞ்சுகளைத் தரையோடு முடுக்கியிருந்தார்கள்,
ஒன்றுக்கு நாலு போல்ட், எல்லாம் கரும்பலகையைப் பார்த்து.
ஒர்க்‌ஷாப் ஆக்னல் ஸ்பானரோடு வந்து
"லெட்டர் இருக்கா மேடம்?" என்றார்.
இல்லை என்றேன்.
சனிக்கிழமை மத்தியானம், கோத்தகிரி முழுக்க மழை.
துருவுக்கு மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தோம்.
எழுபத்தாறு போல்ட்; ஐந்து உடைந்தது.

திங்கட்கிழமை பெஞ்சுகள் ஒன்றையொன்று பார்த்தன.
பிள்ளைகள் பார்க்கவில்லை.
நாலு பேருக்கு ஒரு தாள், ஒரு பேனா.
கட்டபெட்டு வளைவில் போன வாரம் சரிந்த தடுப்புச் சுவர்
ஏன் சரிந்தது?
விடை எனக்கும் தெரியாது என்றேன்,
யாரும் நம்பவில்லை.

வினோதா போஜன் எழுதினாள்,
மற்றவர்கள் அவள் கையைப் பார்த்தார்கள்.
ஷமீர் பேனா மூடியை வைத்துக்கொண்டு
இதுவும் ஒரு பங்குதான் என்றான்.
கடைசி வரிசையே இல்லாமல் போனதில்
எங்கே தூங்குவதென்று தெரியாமல்
ஒருவன் சுவரோரம் நின்றான்.

பன்னிரண்டு வருஷமாய்ப் பேசிப் பழகிய வாய் எனக்கு.
நாக்கு நுனிவரை சூத்திரம் வந்து வந்து போனது.
சாக்பீஸை ஒடித்து ஒடித்துப் பையில் போட்டேன்.
முடியாமல் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.
ஜன்னல் வழியே பனி உள்ளே போனது.

இரண்டாவது புதன், யோகராசா நாற்பது நிமிஷம் லேட்.
பஸ் அந்த வளைவிலேயே நின்றுவிட்டதாம்.
முழங்கால்வரை செம்மண்ணோடு
வினோதா குழுவில் ஐந்தாவது ஆளாய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.
எதிர்ப்பக்கம் இடம் கிடைத்ததால்
கணக்கைத் தலைகீழாய்ப் பார்த்தான்.
"தண்ணி எங்க?"
"எந்தத் தண்ணி?"
"சுவத்துக்குப் பின்னால நிக்கிற தண்ணி.
ஓட்டை விட்டிருக்காங்க, அதுலயே சிமென்ட் பூசிட்டாங்க.
எங்க லயத்துச் சுவரும் வயிறு தள்ளித்தான் விழுந்துச்சு."

தாள் நிறைய இருந்த மண்ணுக்கு
எடை இருந்தது, கோணம் இருந்தது,
ஈரம் இல்லை.
"அப்ப இந்த யூ சைபர் இல்ல" என்றாள் வினோதா.
"யூன்னா என்ன?"
சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள்.
போன தேர்வில் அதற்குப் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தாள்.
ஷமீர் பேனாவைப் பிடுங்கி ஓட்டை வரைந்தான்,
தப்பான இடத்தில்.
அப்புறம்தான் சத்தம்.

முதல்வர் படியேறி வந்தார்.
"கிளாஸ் இல்லையா?"
"நடக்குது சார்."
"நீங்க வெளிய நிக்கிறீங்க?"
"ஆமா சார்."

சாயங்காலம் வினோதா வந்தாள்.
"அஞ்சு பேருக்கும் ஒரே மார்க்கா மேடம்?
எழுதினது நான்."
அவள் கேட்டதில் தப்பில்லை.
யோகராசா இதையே டிசம்பரில் இங்கிலீஷில்,
தனியாக, மூன்று மணி நேரத்தில் எழுதியாக வேண்டும்
என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.
மார்க் பட்டியலில் ஒரு நம்பருக்கு ஒரு கட்டம்.
அன்று எதையும் நிரப்பவில்லை.

தேர்வுக்கு முன்னால் பெஞ்சுகளைப் பழையபடி போடச் சொன்னார்கள்.
இந்தத் தடவை லெட்டர் இருந்தது.
ஆக்னல் இரண்டு முறை படித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
குத்துக்காலிட்டு ஒவ்வொரு போல்டாய்
விரலால் மட்டும் திருகினார்.
ஸ்பானர் ஜன்னல் திண்டில் கிடந்தது.
"இவ்வளவு போதும் மேடம்" என்றார்,
என்னைப் பார்க்காமல்.