இருபத்தேழாவது குழாய்

கிண்ணியாப் பட்டியில் விடியமுன்
இருபத்தாறு எருமைகளின் கழுத்து நரம்பில்
ஊசி ஏற்றி இறக்கினேன்.
குழாய்க்குக் குழாய் காது இலக்கம்.

மாசி தொடங்கி ஒன்பது கன்று
மாதம் நிறையாமல் விழுந்ததாம்.
வெறுங்கையால் இழுத்துப் போட்டு
அதே கையால் பால் கறந்தார் அபுசாலி.

"பின்னேரமானா காய்ச்சல், டொக்டர்.
விடிஞ்சா சட்டையைப் பிழியலாம்.
ஆஸ்பத்திரில பனடோல்தான் தாறாங்க."

என்ன தொழில் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.
என் படிவத்திலும்
ஆளுக்குக் கட்டம் இல்லை.

ஐஸ் பெட்டியை மூடப் போனேன்.
கடைசி எருமைக்குப் பின்னால்
சட்டைக் கையை மடித்துக்கொண்டு
வந்து நின்றார்.

ஒரு குழாய் மிச்சம்.
மனிதரில் ஊசி போட எனக்கு அனுமதியில்லை.

றோட்டில்,
திருகோணமலைக்குத் தயிர் ஏற்ற வந்த லொறி
ஹோர்ன் அடித்தது.