ஐம்பது மைக்ரான்

இரண்டு வலை. அதற்கு மேல் முக்காடு.
அதற்கும் மேல் கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பு.
பாயான் லெப்பாஸில் எங்கள் கண்ணாடி அறைக்குள் போக
காற்றே ஒருமுறை எங்களை உதறிப் பார்க்கும்.
உள்ளே யாருக்கும் தலைமுடி கிடையாது.
பன்னிரண்டு மணி நேரம்
நானும் ரோஸ்னானியும் சமம்.

அவளுக்கு அவிழ்த்தால் இடுப்பைத் தாண்டும்.
லாக்கர் அறையில் அதைச் சுருட்டி அவள் வலைக்குள் திணிக்கையில்
நான் சப்பாத்து நாடாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
எனக்கு ஒரு வலையே அதிகம்.

பள்ளியில் எலிவால் என்றார்கள்.
அப்போது வாலாவது இருந்தது.
வகிடு
போன வருடம் வரை ஒற்றையடிப் பாதை.
இப்போது டோல் வசூலிக்கலாம்.

ஞாயிறு, சின்ன வெங்காயம் பத்து.
அரைத்து, பழைய துணியில் பிழிந்து, பஞ்சால் தொட்டுத் தொட்டு.
லிஃப்டில் பதினோராம் மாடி மிசஸ் கோ
மூக்கைச் சுளிக்காமல் கேட்டார்:
"இன்றைக்கு என்ன சமையல்?"
நான்தான் என்று சொல்லவில்லை.

குணாளன் தலையணையை முகர்ந்துவிட்டு
"முர்தாபாக் கடையில் படுத்த மாதிரி இருக்கு" என்றார்.
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
கொஞ்ச நேரம் கழித்து, சுவரிடம்:
"வெங்காயம் தீர்ந்திருக்குமே, வாங்கி வரவா?"

இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஊறப்போட்ட வெந்தயம்
திரும்பி வரும்போது வழவழவென்று காத்திருக்கும்.
தலைக்குப் பாதி, குழம்புக்குப் பாதி.

பாலிக் புலாவிலிருந்து ரோஸ்னானி
செய்தித்தாளில் சுற்றிக் கற்றாழை கொண்டுவந்தாள்.
மலாயில் அதற்கு முதலை நாக்கு என்று பெயர்.
மூன்று வெள்ளிக்கிழமை
முதலை நக்கிய தலையோடு நடமாடினேன்.

கார் நிறுத்துமிடத்தில் செம்பருத்தி.
தேசிய மலர், ரூபாய்த் தாளிலும் பூக்கிற பூ.
அதன் அடியில் நான்கு மொழியில் ஒரு பலகை.
தமிழில் மட்டும் 'பூக்களைப் பரிக்காதீர்.'
பரிக்கவில்லை.
பறித்தேன், ஏழு பூ, ஒரு கை இலை.
நேபாளக் காவலாளி தீபேந்திரா
மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குளியலறை வடிகாலில் எண்ணுவேன்.
ஒரு நாளைக்கு நூறு வரை சாதாரணம் என்றிருந்தார் கிளினிக் டாக்டர்.
எண்பத்தேழு.
நூற்றுப் பதினாறு.
நூற்று நான்கு.
தீபாவளியன்று எண்ணவில்லை.

அந்தச் செவ்வாய், விடியற்காலை மூன்று மணிக்கு
இயந்திரங்களை நிறுத்தி எல்லாரையும் கூப்பிட்டார்
பொறியாளர் ஊய் தெய்க் செங்.
ஒரு சில்லின்மேல் என்னவோ கிடக்கிறதாம்.
நுண்ணோக்கியின் திரையில் பார்த்தோம்.
புயலில் சாய்ந்த தென்னை.
செதில் செதிலாய்ப் பட்டை.
அதன் ஓரத்தில் நாங்கள் மாதக்கணக்காய்க் காத்த மின்கோடுகள்
எறும்புச் சாரி.

"முடி" என்றார். "ஐம்பது மைக்ரான்."
முகமூடிக்குள் பெருமூச்சு விட்டார்.
"இவ்வளவு பெரியது எப்படி உள்ளே வந்தது?"

யாரும் பேசவில்லை.
ரோஸ்னானி என்னைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டாள்.
அந்த வளைவு எனக்குத் தெரியும்.
தினமும் ஈரத்தோடு எண்ணுகிற வளைவு.
நாற்பத்தோரு வருடத்தில்
என் முடியைப் பார்த்து ஒருவர்
பெரியது என்று சொன்னது அன்றுதான்.
சிரித்தேன். அங்கே யாருக்கும் வாயும் கிடையாது.

பிறகு கை தூக்கினேன்.

எச்சரிக்கைக் கடிதம், ஒரு பக்கம்.
பின்னிணைப்பு, படம் ஒன்று.
காலையில் பஸ் சுங்கை நிபோங் வரும்வரை
பின்னிணைப்பை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

குணாளன் பசியாறிக்கொண்டே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது என்ன, பாம்பா?"
"நான்தான்" என்றேன்.
மறுபடி பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
கை கழுவிவிட்டு
வெங்காயக் கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"பத்து போதுமா?"
"இன்றைக்குப் பதினைந்து உரியுங்கள்."