சாக்கு ஓட்டை

கீழமாசி வீதியில் துவரம்பருப்பு
கிலோ நூற்று நாற்பத்தொன்பது.
எங்கள் தெருக்கடையில் நூற்று அறுபத்தெட்டு.
நடுவில் இருக்கும் பத்தொன்பது ரூபாயில்தான்
செல்லூரின் இந்த ஐந்து வாசல் காம்பவுண்டு
குடியிருக்கிறது.

மூட்டையைப் பிரித்துத் தர மாட்டார் கடைக்காரர்.
முப்பது கிலோ, வீட்டுக்கு ஆறு.
ஆட்டோ நூற்றிருபது, ஏற்றுக்கூலி முப்பது,
எல்லாம் போக ஒரு வீட்டுக்கு
எண்பத்து நாலு ரூபாய் மிச்சம்.
நோட்டு என் கையில்.
ஷாம்பு பாட்டிலைவிட சாஷே மலிவென்று
இந்த வரிசையில் முதலில் கண்டுபிடித்தவள் நான்.
இரண்டு விசிலில் அடுப்பை அணைத்து
மூடியைத் திறக்காமல் விட்டால்
மிச்ச வேக்காடு இனாம் என்பதும் என் கணக்கு.
கஞ்சப்பிசுநாறி என்பாள் லூர்துமேரி,
சொல்லிக்கொண்டே அணைப்பாள்.

போன மாதம் ஆறாம் தேதி
ஒச்சம்மா வாசலோடு நின்றுவிட்டாள்.
"எங்களுக்கு வேணாம்க்கா.
கொள்ளுதான் நல்லதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு,
அவருக்கு இடுப்புல சதை போட்டிருச்சாம்."
அவரை எல்லோரும் பார்த்தோம்.
கொடியில் காயும் சட்டை மாதிரி இருந்தார்.
சாயப்பட்டறை பூட்டி ஏழு வாரம்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை.
நூற்றைம்பதை நாலால் வகுத்தேன்.
முப்பத்தேழு ஐம்பது.
தலைக்கு ஏழரை ரூபாய் கூடுதல்.
ஏழரை என்ற சொல்லே சரியில்லை என்று
எரிச்சலோடு ஆட்டோ ஏறினேன்.

சீட்டுப் பணத்தை எடுத்து
ஐந்தாம் பங்கையும் நானே கட்டினேன்.
நாலு வீட்டுக்கும் நிறுத்தது போக
ஆறு கிலோ என் கட்டிலுக்கடியில்.
வெளியே நூற்று அறுபதுக்குத் தள்ளினாலும்
அறுபத்தாறு லாபம்.
இதையும் கணக்குப் போட்டேன், மறைக்கவில்லை.

ராத்திரி, சுவருக்கு அந்தப் பக்கம்
ஒச்சம்மா வீட்டுக் குக்கர்.
என் காதுக்கு வேறு வேலை கிடையாது.
அவள் சோற்றுக்கு மூன்று விசில்,
கொள்ளென்றால் ஏழெட்டு.
மூன்று அடித்தது. நின்றது.
மறுநாளும் மூன்று.
அதற்கடுத்த நாள் மூன்றுக்குப் பிறகு
சின்னவன் குரல்: "இன்னைக்கும் ரசமா?"

நான் நல்லவள் இல்லை, நாலு நாள் பொறுத்தேன்.
ஐந்தாம் நாள்
அவள் தண்ணி லாரிக்குக் குடத்தோடு ஓடிய நேரம்
சாத்தியிருந்த கதவைத் தள்ளி
அடுப்படி டின்னில் கொட்டி மூடினேன்.
நோட்டில் எழுதினேன்:
சாக்கு ஓட்டை. சேதாரம் ஆறு கிலோ.
எண்ணூற்றுத் தொண்ணூற்று நாலு ரூபாய்.
வீட்டுக்கு இருநூற்று இருபத்து மூன்று ஐம்பது.

சகுபர்நிஷா படித்தாள்.
"இவ்ளோ பெரிய ஓட்டையா?"
"எலி."
"பெரிய எலிதான்" என்று
இருநூற்று இருபத்து நாலை வைத்தாள்,
ஐம்பது பைசா கேட்கவில்லை.
எலிக்கெல்லாம் தண்டம் கட்ட முடியாது என்று
தண்ணிக் குழாயடி வரை கேட்கச்
சண்டை போட்ட லூர்துமேரி
இருநூறு தந்தாள்.
மீதி அடுத்த மாசம் என்றாள், இன்னும் வரவில்லை.
கோடி வீட்டு தினகரபாபு மட்டும்
"ஓட்டையைக் காட்டுங்க, தர்றேன்" என்றார்.
காட்டவில்லை. அவரும் தரவில்லை.
அவர் பக்கம் இன்னமும் சிவப்பு மையில் இருக்கிறது.

இந்த ஆறாம் தேதி
முதல் ஆளாக ஒச்சம்மா.
முந்தானையில் பணம்,
கையில் கோணி ஊசியும் சணலும்.
"அந்தச் சாக்கை எடுங்கக்கா."
மடித்து வைத்திருந்ததை நீட்டினேன்.
உதறினாள். வெயிலுக்கு எதிரே பிடித்து
அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பினாள்.
ஒரு இழை பிரியவில்லை.
என்னைப் பார்க்காமல் கேட்டாள்,
"எங்கிட்டு?"
ஏதோ ஓர் இடத்தைத் தொட்டேன்.
அங்கேயே குத்தவைத்து
இழுத்து இழுத்து ஏழெட்டுத் தையல் போட்டாள்,
முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ஆட்டோவுக்குத் தலைக்கு முப்பது
என்று எழுதினேன்.