ஆறு

வந்து ஒரு மண்டலம் ஆகவில்லை.
டாம்சினுக்கு என் குடும்பப்பெயர் தெரியாது.
ருவாரிக்கு எந்த ஊர் என்று
நான் இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் மறந்தாயிற்று.
அதற்குள்
அடுத்த வருடம் யாரோடு குடியிருக்கப்போகிறாய்
என்று கேட்கிறது டர்ஹம்.

கல்லூரிக்குள் அறை முதல் வருடம் மட்டும்.
பிறகு குலுக்கலில் பெயர் விழுந்தால் உள்ளே,
விழாதவர்கள் வெளியே.
வெளியே என்றால்
சுரங்கத்துக்குப் போனவர்கள் குடும்பம் நடத்திய
செங்கல் வரிசை வீடுகள்.
முன்னறையில் ஒரு கட்டில்,
சாப்பாட்டறையைப் பலகையால் மறித்து இன்னொரு கட்டில்,
மாடிப்படிக்குக் கீழே ஒன்று போட முடியுமா என்று
அளந்து பார்த்த பென்சில் கோடு.

நாங்கள் ஆறு பேர்.
ஒரே மாடிப்படியில் அறை கிடைத்தது தவிர
எங்களைச் சேர்த்த காரணம் வேறில்லை.
ஊரைச் சுற்றியும் ஆறுதான்,
பேராலயக் குன்றை மூன்று பக்கம் அணைத்துவிட்டு
நாலாம் பக்கத்தை
அப்படியே விட்டுவிட்டுப் போகிற ஆறு.

காலை ஒன்பதுக்கு ஏஜென்சி திறக்கும்.
முந்தின நாள் இருட்டும்போதே வரிசை
பாலத்தைத் தொட்டுவிட்டது.
ஆளுக்கு ஒன்றரை மணி நேரம்,
மாற்றி மாற்றி நிற்பது என்றுதான் பேச்சு.
"முதல்ல நான் நிக்கிறேன்" என்றான் க்விலிம்.
தூக்கப் பை, குடைக்கம்பியில் கட்டிய டார்ச்,
மூடியில் பிளாஸ்திரி ஒட்டி
அவன் அம்மா பெயர் எழுதித் தந்த ஃபிளாஸ்க்.

இரண்டாவதாக நிற்க வேண்டியவள் நான்.

அலாரம் அடித்தது.
அடிக்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.
என்னை எழுப்ப வந்திருக்க வேண்டியவர்கள் என்று
யாருமே இல்லாததால்
மற்ற நால்வரும் நன்றாகத் தூங்கினார்கள்.

எட்டரைக்குப் போனோம், குளித்த தலை காயாமல்.
அவன் ஒன்பதாவது இடத்தில் நின்றிருந்தான்.
உதடு நீலம். இரவில் மழை பெய்திருக்கிறது போல.
ஒன்றும் கேட்கவில்லை.
மூடியில் டீ ஊற்றி என்னிடம்தான் முதலில் நீட்டினான்.
ஆறவே இல்லை அது.

"ஆறு அறை வீடெல்லாம் போயிடுச்சு" என்றாள்
கவுன்டர் பெண்.
"அஞ்சு இருக்கு. வேணுமா, வேணாமா?
பின்னாடி ஆள் நிக்குது."

சங்கிலி போட்ட பேனா ஒன்று.
அதை யாரும் தொடவில்லை, யாரும் விடவும் இல்லை.
இமோஜென் தன் நகத்தைப் பார்த்தாள்.
ருவாரி வாடகைப் பட்டியலைப் பார்த்தான்.
"எனக்குக் கல்லூரி அறைதான் பிடிக்கும்,
மணிச்சத்தம் கேட்கும்" என்றான் க்விலிம்.
அந்த மணியைத் திட்டாத காலை
அவனுக்கு ஒன்றுகூட இருந்ததில்லை.

அப்படியா, என்றோம்.
ஐந்து பேரும் சேர்ந்து,
அவ்வளவு சீக்கிரமாக, அப்படியா, என்றோம்.

மேசையில் இடமில்லை.
திரும்பி நின்று குனிந்து கொடுத்தான்.
என் படிவத்தை
ஈரமான அவன் முதுகில் வைத்து எழுதினேன்.
முகவரி, பிறந்த தேதி, ஜாமீன்தாரர் பெயர்.
என் பேனா அழுத்தம் அவனுக்குத் தெரிந்திருக்கும்.
நான் தப்பாக எழுதி அடித்ததுகூட.

போன வாரம் கல்லூரி விருந்து.
கறுப்பு அங்கியில் எதிர் வரிசையில் அவன்.
குலுக்கலில் பெயர் விழுந்ததாம்,
மேல்மாடி, குளியலறைக்குப் பக்கத்து அறை.
உப்பைத் தள்ளிவிட்டுக் கேட்டான்:
"வீடு எப்படி? ஒழுகுமாமே?"

"ஒழுகுது" என்றேன். "டாம்சின் அறையில வாளி வெச்சிருக்கோம்."
"அடப்பாவமே" என்றான்,
அன்றைக்கு முதல் தடவையாக
முகம் கொஞ்சம் தெளிந்து.

ஒழுகவில்லை. ஒரு சொட்டும் இல்லை.
நல்ல வீடு. வெயில்கூட வருகிறது.
ஃபிரிட்ஜுக்கு மேலே அவன் ஃபிளாஸ்க் இருக்கிறது,
கழுவிக் கவிழ்த்து, பிளாஸ்திரி பிரியாமல்.
கேட்டால் கொடுத்துவிடலாம்.
கேட்கவே மாட்டேன் என்கிறான்.