பாகம் எண் எண்பத்தெட்டு

பட்டியலில்
நண்டோடைக் குப்பம், கீழத் தெரு,
கதவு எண் ஒன்று முதல் முப்பத்தாறு வரை.
என் கையில் படிவங்கள், ஒரு நீலப் பேனா,
அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டு வந்த அவசரம்.
காலை ஒன்பதரைக்கே
எண்ணூர் விரைவுச்சாலையில் தார் இளகி
கன்டெய்னர் லாரி டயர்களில்
ஒட்டி ஒட்டிப் பிரிகிறது.

பத்தொன்பதோடு தெரு முடிந்துவிட்டது.
அப்புறம் கருங்கல்.
கல்லுக்கு அப்பால் தண்ணீர்.
அலை இறங்கும்போது மட்டும்
மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு சுவரின் தோள்.

"இருபத்தி மூணு எங்கக்கா?" என்று கேட்டுவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
காரப்பொடி அலசிக்கொண்டிருந்த தேசம்மா
கத்தியாலேயே கடலைக் காட்டினாள்.
"அதோ நுரை கீது பாரு, அதுக்கு ரெண்டு வூடு தள்ளி.
கெணறு இருபத்தி ஏழாம் நெம்பரு.
நல்ல தண்ணி கெணறு மேடம், அத்தயும் எய்திக்க."

காரணம் குறிக்க மூன்று கட்டங்கள் தந்திருக்கிறார்கள்:
இறந்துவிட்டார்.
நிரந்தரமாகக் குடிபெயர்ந்தார்.
கண்டறிய இயலவில்லை.

எதிரில் உட்கார்ந்து செதில் சீவுகிறவளை
இறந்தவள் என்று எழுத முடியாது.
அவள் எங்கும் பெயரவில்லை, தெருதான் பெயர்ந்தது.
கண்டறிய என்றால், இதோ,
வெயில் என் உச்சியில் ஏறுவதைக் கண்டுபிடித்து
கூடை மேல் கிடந்த ஈரச் சாக்கை
என் தலைக்கு நீட்டுகிறாள்.

"புயலுக்கு ரூபா குடுத்தாங்களே, வாங்கினியாக்கா?"
"வூடு போச்சுன்னு மனு குடுத்தேன்.
வூட்டைக் காட்டுன்னான்.
வூடு இருந்தா நான் ஏன் மனு குடுக்கறேன்?"
அவள் சிரித்தாள். நான் சேர்ந்து சிரித்தேன்.
பிறகு இருவருமே சிரிக்கவில்லை.

முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்த மார்கழியில்
அவள் வீட்டுக்காரர் எட்டியப்பனுக்கு
முழங்கால் வரை தோல் உரிந்ததாம்.
இப்போது ஆற்றில் இறங்கினால் காலடியில்
சேறா சாம்பலா என்று தெரியவில்லையாம்.
தெண்டி வெள்ளம் எந்த மாதம் திரும்பும் என்று
யாரும் அடித்துச் சொல்வதில்லையாம்.
ராத்திரி தகரத்தின் கீழே படுத்தால்
உடம்பு கருவாடாகிறதாம்.
"பெரும்பாக்கத்துல எட்டாவது மாடின்றாங்க.
அங்க வலைய எங்க காயப் போடறது, மேகத்துலயா?"

சொல்ல மறந்துவிட்டேன்:
எங்கள் அங்கன்வாடி இதே தெருவில் எண் நான்கு.
போன திருத்தத்தின்போது இருபத்தாறு வரை
என் காலாலேயே நடந்து கதவு தட்டியிருக்கிறேன்.
பத்தொன்பதிலிருந்து நான்கைக் கழிக்க
எனக்குக் கணக்கு தெரியும்.
கழிக்காமல் இருக்கவும் பழகியிருக்கிறேன்.

செயலியைத் திறந்தேன்.
வீட்டு வாசலில் நின்று படம் எடுக்க வேண்டுமாம்.
நீலப் புள்ளியாய்க் கருங்கல் மேல் நிற்கிறேன்.
குறிப்பிட்ட முகவரியில் நீங்கள் இல்லை என்கிறது.
கிழக்கே நாற்பத்தொரு மீட்டர் செல்லவும் என்கிறது.
பார்த்தேன்.
கிழக்கே ஒரு நீர்க்காகம் முங்கி
வேறெங்கோ எழுந்தது.

தேர்தலுக்குத் தேர்தல் அவள் போட்ட ஓட்டு
எங்கள் பள்ளிக்கூடத்துப் பெட்டியில்தான் விழுந்தது.
தண்ணீர் வராததற்கும், ரோடு போடாததற்கும்
அந்த விரல் மையைக் காட்டித்தான் சண்டை போட்டாள்.
ஒரு டிக் போதும், விரலே இல்லாமல் போகும்.

மூன்று கட்டங்களுக்கும் கீழே
கோணலாக நான்காவதாய் ஒன்று வரைந்தேன்.
உள்ளே எழுதினேன்:
வாக்காளர் இருக்கிறார். வீடு கடலில் இருக்கிறது.
அலை இறங்கும்போது வந்து பார்க்கவும்.
தேசம்மா பாவாடையில் கையைத் துடைத்து
எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்,
'தே'யின் கொம்பு மட்டும் கோட்டைத் தாண்டியது.

மதியம் மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.
நான்காவது கட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"இருபத்து மூணாம் நம்பர் படிவம் ஸ்கேன் ஆகலம்மா,
கையெழுத்து மேல ஏதோ மினுங்குது,
துடைச்சிட்டு மறுபடி அனுப்புங்க."

சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு செதில்.
காய்ந்து நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
நான் துடைக்கவில்லை.
மூன்று மணிக்குப் பிள்ளைகளுக்கு எடை பார்க்கணும்.