நிகர எடை

பதினேழு வருஷம் கையுறை பார்த்தேன்.
காற்றடித்து, வெளிச்சத்தில் தூக்கி,
ஓட்டை இருக்கிறதா என்று.
யாருடையதோ ஆன விரல்கள்
நிமிஷத்துக்கு நாற்பது
எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போயின.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
தொழிற்சாலையே டாட்டா காட்டியது.

லோரி லைசன்சுக்கு மூன்று முறை.
முதல் முறை பின்னால் எடுக்கையில் கம்பம் விழுந்தது.
இரண்டாம் முறை மேட்டில் வண்டி நின்றது,
மூச்சும் நின்றது,
பின்னால் உருண்டோம் நானும் அதுவும்.
மூன்றாம் முறை எதுவும் விழவில்லை.
நம்பிக்கை வராமல்
கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஜேபிஜே ஆபிசர் கதவைத் தட்டி
இறங்கச் சொல்லும் வரை.

"ஸ்கூலுக்கு லோரியிலயாம்மா வருவ?"
என்றான் மகன், கொஞ்சம் பயந்து.
"கணக்குல பாஸ் ஆனா வரமாட்டேன்" என்றேன்.
அன்றிரவு பத்து மணி வரை கணக்குப் போட்டான்.

இன்று காலை ஐந்தரை.
சுங்காயில் ரொட்டி சானாய் கடைக்கு மட்டும் விளக்கு.
பத்து டன் லோரி, நீலம் வெளுத்த நீலம்.
சீட்டில் எனக்கு முன்னால் ஓட்டிய
நீலமேகத்தின் பள்ளம்.
அவர் பெரிய ஆள்.
அதற்குள் உட்கார்ந்தால்
ஸ்டீயரிங் என் தாடைக்கு வருகிறது.
வீட்டிலிருந்து தலையணை கொண்டுபோனேன்,
ரோஜாப்பூ போட்ட உறை.
லொம்போக்கிலிருந்து வந்த கெலிண்டான் ரஹ்மத்
அதைப் பார்த்தான், பிறகு ரோட்டைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காகவே
அவனுக்கு ஒரு தே தாரே.

மண்ரோட்டில் நேற்றைய மழை.
செம்பனைக் குலைகள் தொம் தொம்மென்று விழ விழ
லோரி என் முதுகுக்குக் கீழே
ஒவ்வோர் அங்குலமாக உட்கார்ந்தது.
ஏற்றத்தில் சரக்கு பின்னால் இழுக்கும்,
இறக்கத்தில் முன்னால் தள்ளும்,
கடன்காரனைப் போல.
இரண்டாவது கியர்.
இல்லை, முதல் கியர்.
கிளட்சில் நடுங்கியது என் காலா வண்டியா
என்று அந்த மேட்டைக் கேட்டால்தான் தெரியும்.

ஆலை வாசலில் எடைப்பாலம்.
ஜன்னலுக்குள்ளிருந்து குணாளன்
ரஹ்மத்தைப் பார்த்து, "டிரைவர் மானா?" என்றான்.
ரஹ்மத் கட்டைவிரலால் என்னைக் காட்டிவிட்டுச்
சிகரெட் பிடிக்க இறங்கிப்போனான்.
மொத்தம்: 15,820.

குலைகளைக் கொட்டினோம்.
காலி லோரியைப் பாலத்தில் ஏற்றி நிறுத்தி,
பிரேக்கை இழுத்து,
பெருமையாக இறங்கிச்
சீட்டு வாங்கக் கையை நீட்டினேன்.
வெறும் லோரி: 6,240.
நிகரம்: 9,580.

குணாளன் அச்சான தாளைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான், சிரித்துவிட்டான்.
"வரும்போது உள்ள இருந்தீங்க,
இப்ப வெளிய நிக்கிறீங்க.
உங்களையும் பழம்னு எழுதிருச்சு மிசினு.
ஏறி உக்காருங்கக்கா, மறுபடி போடறேன்."

ஏறினேன்.
பூத் தலையணைமேல் அசையாமல் இருந்தேன்,
போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி.
6,300. நிகரம் 9,520.

அந்த அறுபது கிலோவுக்கு
யாரும் காசு தரப்போவதில்லை, சரிதான்.
லோரியோடு சேர்த்துக்
கழித்துவிடுகிற எடைதான் நான்.
ஆனாலும் ஒரு நிமிஷம்
அது கணக்கில் வந்தது.
தொழிற்சாலையில் அத்தனை வருஷம்
எண்ணிக்கொண்டே இருந்தவளை
எதுவும் நிறுத்துப் பார்த்ததில்லை.

தப்புச் சீட்டைக் கேட்டேன்.
"எதுக்குக்கா?"
"மகனுக்குக் கழித்தல் கணக்கு."
ரத்து என்று குறுக்கே கிறுக்கிக் கொடுத்தான்.

மணி பத்து நாற்பது, இரண்டாவது டிரிப்.
கை கழுவி வருவதற்குள்
ரஹ்மத் தலையணையைத் தட்டி
உப்பவைத்திருந்தான்.
இம்முறையும் ஒன்றும் சொல்லவில்லை.